கழுத்து எம்.ஆர்.ஐ.யில் ஓரத்தில் நின்றுபோகும் மூட்டுகள்

கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் வரும் அறிக்கையில் பெரும்பகுதி டிஸ்க்குக்கும் (எலும்புகளுக்கு நடுவேயுள்ள மெத்தை) தண்டுவடத்துக்கும் போய்விடும். கழுத்தெலும்புகளைப் பின்பக்கத்தில் இருபுறமும் இணைக்கும் சிறிய ஃபேசட் மூட்டுகளுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்: "பல மட்டங்களில் ஃபேசட் தேய்மானம் உள்ளது." எந்த மட்டம், எந்தப் பக்கம், நீர் சேர்ந்திருக்கிறதா, எலும்புக்குள் வீக்கம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்காது. இதற்குப் படம் படித்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பல ஸ்கேன்களில் மூட்டு முழுதாகப் படத்துக்குள் விழுந்தே இருக்காது. ஸ்லைஸ் (படத்துக்கான மெல்லிய வெட்டு) போடும்போது டிஸ்க்கையும் தண்டுவடத்தையும் மனதில் வைத்துத்தான் போடுகிறார்கள். மூட்டு ஓரத்தில் அகப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் மூட்டுக்காகவே திட்டமிட வேண்டும். ஸ்கேன் எடுப்பவர்களுக்கும் படம் படிக்கப் பழகுபவர்களுக்கும் உதவட்டும் என்று அந்தத் திட்டமிடலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. கழுத்தெலும்புகளை மேலிருந்து கீழாக சி1 முதல் சி7 வரை எண்ணுகிறோம். சி2-சி3 தொடங்கி, சி7-க்கும் மார்பு முதல் எலும்புக்கும் நடுவே உள்ளது வரை ஆறு மட்டங்கள், பக்கத்துக்கு ஒன்று: 12 ஃபேசட் மூட்டுகள். அதற்கு மேலே மண்டையோட்டுக்கும் சி1-க்கும் இடையில் இரண்டு, சி1-சி2 பக்கவாட்டில் இரண்டு, சி1-இன் முன்வளைவும் சி2-இன் டென்ஸ் முளையும் சந்திக்கும் நடுமூட்டு ஒன்று. சி2-சி3 முதல் சி6-சி7 வரை டிஸ்க்கின் இரு ஓரங்களிலும் உள்ள அன்கோவெர்டிப்ரல் மூட்டுகள் 10. ஆக மொத்தம் 27 இடங்கள். கடைசியாகச் சொன்ன பத்தும் முழுமையான சைனோவியல் (உட்சவ்வும் நீரும் உள்ள) மூட்டுகள்தானா என்ற விவாதம் பழையது. ஆனால் நரம்புத் துளையை முன்பக்கமிருந்து நெருக்கும் எலும்பு முள் அங்கிருந்துதான் வளர்கிறது என்பதால் பார்க்காமல் விட முடியாது.

ஃபேசட் மூட்டின் அமைப்பை மனதில் பதித்துக்கொண்டால் பிறகு வரும் எல்லாமே எளிது. கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடப்பதுபோல, மேல் எலும்பின் கீழ்முகம் பின்னாலும், கீழ் எலும்பின் மேல்முகம் முன்னாலும் இருக்கும். நடுக்கழுத்தில் இந்தச் சரிவு கிடைமட்டத்துக்கு ஏறத்தாழ 45 பாகை. மேலிருந்து கீழாக, முன்னிருந்து பின்னாகச் சரிகிறது. மூட்டுக் குழியின் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. குருத்தெலும்பு ஒவ்வொரு முகத்திலும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். உள்ளே சிறிய கொழுப்பு மடிப்புகளும் இருக்கும். இவ்வளவையும் மூன்று மில்லிமீட்டர் தடிமனான ஸ்லைஸில் பிடிக்கப் பார்க்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

எத்தனை ஸ்லைஸ் போதும்?

சாதாரணக் கழுத்து நெறிமுறையில் சாஜிட்டல் டி1, சாஜிட்டல் டி2, சில இடங்களில் சாஜிட்டல் ஸ்டிர், பிறகு ஆக்ஸியல் டி2 அல்லது கிரேடியன்ட் எக்கோ. சாஜிட்டல் என்றால் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் நெடுக்கு வெட்டு, கொரோனல் முன்னிருந்து பார்ப்பதுபோல், ஆக்ஸியல் குறுக்கு வெட்டு. டி1, டி2, ஸ்டிர், கிரேடியன்ட் எக்கோ என்பவை படம் எடுக்கும் வகைகள், அதாவது வரிசைகள். இவற்றில் ஸ்டிர் கொழுப்பை அடக்கும் வகை. ஸ்லைஸ் தடிமன் 3 மி.மீ., இடைவெளி 10 விழுக்காடு, அதாவது ஒரு ஸ்லைஸுக்கு 3.3 மி.மீ. 11 ஸ்லைஸ் போட்டால் மொத்த அகலம் 36 மி.மீ. வரும். நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 18 மி.மீ. மட்டுமே. ஃபேசட் மூட்டின் வெளி ஓரமோ நடுக்கோட்டிலிருந்து 25 மி.மீ. அல்லது அதற்குச் சற்று அப்பால் இருக்கிறது. ஆக 11 ஸ்லைஸில் தண்டுவடம் அழகாக வரும், மூட்டின் உள் ஓரம் மட்டும் எட்டிப் பார்க்கும். 15 ஸ்லைஸ் என்றால் 49.5 மி.மீ., விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். 19 போட்டால் 62 மி.மீ.க்கு மேல் கிடைக்கும். நோயாளியின் கழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இரு பக்க மூட்டும் முழுதாக உள்ளே வந்துவிடும். கூடுதல் நேரம் சில பத்து விநாடிகள்தான். மூட்டு வலி என்று கேட்டு வந்தவருக்கு 19-க்குக் குறைத்துப் போடுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சாய்வுதான் அடுத்த சிக்கல். தலை ஐந்து பாகை திரும்பியிருந்தாலே ஒரு ஸ்லைஸில் இடப்பக்கத்து மேல்மூட்டும் வேறொரு ஸ்லைஸில் கீழ்மூட்டும் விழும். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட முடியாமல் போகும். ஆகவே காயிலுக்குள் (சிக்னல் வாங்கும் கூட்டுக்குள்) படுக்க வைக்கும்போதே மூக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பார்த்து, காதுகளின் இருபுறமும் பஞ்சுத் தலையணை அடைத்துவிட வேண்டும். தோள்களைக் கீழே தளர்த்தச் சொல்லி, காயிலின் அடிவிளிம்பில் தோள் படும்வரை மேலே நகர்த்த வேண்டும். இல்லையென்றால் சி7 மட்டத்தில் சிக்னல் செத்துவிடும். முழங்காலுக்கடியில் ஆப்பு வைத்தால் முதுகு தளரும், கழுத்து அசைவும் குறையும். லேசர் கோடு குரல்வளை மேட்டின்மேல் விழட்டும், அது ஏறத்தாழ சி4 மட்டம்.

சாஜிட்டலைத் திட்டமிட கொரோனல் லொக்கலைஸரை (திட்டமிட எடுக்கும் முன்னோட்டப் படத்தை) மட்டும் நம்ப வேண்டாம். ஆக்ஸியல் லொக்கலைஸரில் முள்முனையும் எலும்புடலின் நடுவும் சேரும் கோட்டுக்கு இணையாக வைத்தால் சுழற்சியும் சரியாகும். ஆக்ஸியலில் டிஸ்க்குக்கு டிஸ்க் தனித்தனிக் கட்டாகச் சாய்த்துப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மூட்டுக்கு அது ஆகாது. இரண்டு கட்டுகளுக்கு நடுவே விடுபடும் இடத்தில்தான் மூட்டின் மேல்பாதியோ பின்பாதியோ இருக்கும். சி2 முதல் மார்பு முதல் எலும்பு வரை இடைவெளியில்லாத ஒரே கட்டாகப் போடுவதே சரி.

சரிவு செய்யும் வேலை

ஆக்ஸியலில் ஃபேசட் மூட்டு ஏன் எப்போதும் மங்கலாகத் தெரிகிறது? கணக்கு எளியது. மூட்டின் சரிவு 45 பாகை, ஸ்லைஸ் தடிமன் 3 மி.மீ. அந்தத் தடிமனுக்குள் மூட்டுக் கோடு மேலிருந்து கீழே வரும்போது முன்னிருந்து பின்னாகவும் 3 மி.மீ. நகர்ந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கோடு மூன்று மில்லிமீட்டருக்குப் பரவினால் அதில் குருத்தெலும்பு, நீர், எலும்பு எல்லாம் கலந்து சாம்பல் நிறமாகத்தான் வரும். "மூட்டு இடைவெளி குறைந்துள்ளது" என்று ஆக்ஸியலை மட்டும் வைத்து எழுதுவது ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுதான். சாஜிட்டல் தளமோ மூட்டு முகத்துக்குச் செங்குத்தாக வெட்டுகிறது. ஓரத்துச் சாஜிட்டல் ஸ்லைஸ்களில் ஓடு அடுக்கியதுபோல் ஆறு மூட்டும் வரிசையாக நிற்கும். இடைவெளி, எலும்பு முள், முன்பின் நகர்வு எல்லாவற்றுக்கும் முதலில் அங்கேதான் கண் போக வேண்டும்.

நரம்புத் துளைக்குக் கதையே வேறு. அது நேர் பக்கமாகத் திறக்காமல் முன்பக்கமாக 45 பாகை சாய்ந்து திறக்கிறது. சாதாரணச் சாஜிட்டலில் அதன் வாயை நேராகப் பார்க்க முடியாது. மூட்டு முள்ளால் துளை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று சொல்ல, துளையின் அச்சுக்குச் செங்குத்தாகச் சாய்த்த சாஜிட்டல் தேவை. அதைப் பக்கத்துக்கு ஒன்றாகத் தனியே எடுக்க வேண்டும், அல்லது முப்பரிமாணத் தொகுப்பிலிருந்து வெட்டிக்கொள்ள வேண்டும்.

முப்பரிமாணம் என்றதும் எல்லாவற்றுக்கும் அதுவே தீர்வு என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 220 மி.மீ. பரப்பை 320 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் 0.69 மி.மீ. 3 மி.மீ. ஸ்லைஸில் ஒரு வாக்ஸலின் (படத்தின் மிகச் சிறிய கனக்கூறு) கன அளவு 1.43 கன மி.மீ. அதையே எல்லாப் பக்கமும் 0.8 மி.மீ. ஆக்கினால் 0.51 கன மி.மீ.தான். வாக்ஸல் சிறுத்ததால் மட்டுமே சிக்னல் ஏறத்தாழ 36 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். முப்பரிமாணத்தில் முழுக் கட்டையும் ஒவ்வொரு முறையும் தூண்டுவதால் இந்த இழப்பில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. ஆனால் விலை உண்டு. ஐந்து ஆறு நிமிட ஓட்டத்தில் நோயாளி நான்கு முறை எச்சில் விழுங்கினாலும் முழுத் தொகுப்பும் கெடும். இரு பரிமாணத்தில் கெட்ட வரிசையை மட்டும் திரும்ப எடுத்துவிடலாம், இங்கே அந்தச் சலுகை இல்லை. ஒரு தூண்டலுக்குப் பின் வாங்கும் எக்கோ (திரும்பி வரும் சிக்னல்) தொடர் நீளமாக இருப்பதால் விளிம்புகள் லேசாக மழுங்கவும் செய்யும். அமைதியாகப் படுப்பவருக்கு முப்பரிமாணம், வலியில் நெளிபவருக்கு இரு பரிமாணம் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

எவ்வளவு கூர்மையாக எடுத்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குருத்தெலும்பு அரை மில்லிமீட்டர், கட்டம் 0.69 மி.மீ. இரண்டு முகத்துக் குருத்தெலும்பும் நடுவிலுள்ள மெல்லிய நீரும் சேர்ந்து ஒரே கோடாகத்தான் தெரியும். கழுத்தில் "குருத்தெலும்பு தேய்ந்துள்ளது" என்று நேரடியாகச் சொல்லும் அளவுக்கு அன்றாட எம்.ஆர்.ஐ. போதாது. எலும்பு முள், மூட்டுக்கடியில் நீர்க்கட்டி, எலும்புத் தகடு தடிப்பது, இடைவெளி ஒழுங்கின்மை இவற்றை வைத்துத்தான் ஊகிக்கிறோம்.

ஸ்டிர் இல்லாமல் மூட்டு இல்லை

தேய்ந்த மூட்டு எல்லாம் வலிக்கும் மூட்டு அல்ல. தேய்ந்ததில் இப்போது அழற்சி இருக்கிறதா என்பதற்குக் கிடைக்கும் நல்ல தடயம் மஜ்ஜை வீக்கம். அது டி2-இல் கொழுப்பின் வெண்மையில் ஒளிந்துகொள்ளும், கொழுப்பை அடக்கினால்தான் வெளியே வரும். கொழுப்பை அடக்க மூன்று வழிகள். கொழுப்பின் அதிர்வெண்ணைக் குறிபார்த்து அடக்குவது முதலாவது. கழுத்தில் இது அடிக்கடி தோற்கும். தாடை, குரல்வளைக் காற்று, சட்டென்று அகலும் தோள் எல்லாம் சேர்ந்து காந்தப்புலத்தைக் கோணலாக்குவதால், சி6-க்குக் கீழேயும் தாடைக்குப் பின்னாலும் கொழுப்பு அடங்காமல் வெள்ளையாக நிற்கும். அதை மஜ்ஜை வீக்கம் என்று எழுதிவிடும் தவறு சாதாரணமாக நடப்பது. அடையாளம் காண்பது எளிது: அதே மட்டத்தில் தோலுக்கடியிலுள்ள கொழுப்பும் வெளுத்திருந்தால் அது நோய் இல்லை.

இரண்டாவது ஸ்டிர். புலம் கோணலாக இருந்தாலும் ஓரளவு தாங்கும். கொழுப்பு அடங்கக் காத்திருக்கும் நேரமான டி.ஐ. மதிப்பு 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) இயந்திரத்தில் 150 முதல் 170 மில்லி விநாடி, 3 டெஸ்லாவில் 200 முதல் 230. 1.5-க்கான நெறிமுறையை அப்படியே 3-க்கு நகலெடுத்தால் கொழுப்பு அரைகுறையாகத்தான் அடங்கும். டி.ஆர். (தூண்டலுக்கும் தூண்டலுக்கும் இடையிலான நேரம்) 3500-க்கு மேல், டி.இ. (தூண்டலிலிருந்து சிக்னல் வாங்கும் வரையான நேரம்) 40 முதல் 60 மில்லி விநாடி வரை இருந்தால் வீக்கமும் நீரும் பளிச்சென்று தெரியும். ஸ்டிருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: கடோலினியம் (ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து) ஏற்றிய பிறகு எடுக்கக் கூடாது. மருந்து ஏறிய திசுவின் டி1 (காந்தநிலை மீளும் நேரம்) குறைந்து கொழுப்பின் டி1-ஐ நெருங்கும், கொழுப்போடு சேர்ந்து அதுவும் அடங்கிப் போகும். அழற்சி உள்ள இடமே கறுத்துவிடும்.

மூன்றாவது டிக்சன். ஒரே எடுப்பில் நீர்ப்படமும் கொழுப்புப் படமும் கிடைக்கும், சிக்னலும் ஸ்டிரைவிட நன்றாக இருக்கும். தோள் மட்டத்தில் சில நேரம் நீரும் கொழுப்பும் இடம் மாறிவிடும், அப்போது மஜ்ஜை முழுவதும் வெள்ளையாகும். கொழுப்புப் படத்தையும் திறந்து பார்த்தால் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும். திறக்காமல் விடுவதால்தான் ஏமாறுகிறோம்.

ஸ்டிரைச் சாஜிட்டலில் மட்டும் நிறுத்தாமல் கொரோனலிலும் ஒன்று எடுங்கள். இரு பக்க மூட்டும் ஒரே படத்தில் வரும், சி1-சி2 பக்கமூட்டு இதைவிட நன்றாக வேறெங்கும் தெரியாது. நான்கு நிமிடம் ஆகும், அந்த நான்கு நிமிடத்துக்கு வேறெந்த வரிசையும் இவ்வளவு திருப்பித் தராது.

படம் சொல்லும் பொய்கள்

பெரிய பொய்யன் கெமிக்கல் ஷிஃப்ட். கொழுப்பும் நீரும் 3.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3.5 பங்கு) வேறுபட்ட அதிர்வெண்ணில் ஒலிக்கின்றன, 1.5 டெஸ்லாவில் அது ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 440. பிக்சலுக்கு (படத்தின் ஒரு கட்டத்துக்கு) 130 ஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் எடுத்தால் 1.5-இல் மஜ்ஜைக் கொழுப்பு 1.7 பிக்சல், அதாவது ஏறத்தாழ 1.2 மி.மீ. இடம்பெயரும். 3 டெஸ்லாவில் 2.3 மி.மீ. மூட்டு இடைவெளியைவிட இடப்பெயர்ச்சியே பெரிது! விளைவாக மூட்டின் ஒரு முகத்தில் எலும்புத் தகடு கறுத்துத் தடித்தும், எதிர் முகத்தில் காணாமல் போனதுபோலவும் இருக்கும். தடித்த பக்கத்தை "எலும்பு இறுகல்" என்றும், காணாத பக்கத்தை "அரிப்பு" என்றும் எழுதத் தோன்றும். ஆறு மூட்டிலும் ஒரே பக்கம் ஒரே அளவில் தடித்திருந்தால் அது இயந்திரத்தின் வேலை. நோய் அவ்வளவு ஒழுங்காக வராது. தீர்வு: பிக்சலுக்கு 250 ஹெர்ட்ஸுக்கு மேல் உயர்த்துவது. 130-ஐ 260 ஆக்கினால் சிக்னலில் 30 விழுக்காடு போகும். போகட்டும்.

அடுத்தது விழுங்கல். சாஜிட்டலில் ஃபேஸ் திசை (அசைவின் நிழல் பரவும் திசை) முன்பின்னாக இருந்தால் ஒவ்வொரு விழுங்கலும் முதுகெலும்பின் குறுக்கே பேய் நிழலாக விழும். ஃபேஸைத் தலை-கால் திசைக்கு மாற்றினால் நிழல் தொண்டையோடு நின்றுவிடும். அப்போது மேலும் கீழும் படம் மடியாமலிருக்க ஓவர்சாம்பிளிங் (தேவைக்கு மேல் பரப்பை எடுப்பது) தேவை. எலும்புடலுக்கு முன்னால் சிக்னலை அடக்கும் ஒரு சாச்சுரேஷன் பட்டையும் போட்டுவிட வேண்டும். ஆக்ஸியலில் ஃபேஸ் இட-வலமாக இருக்கட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே "இப்போது விழுங்கிக்கொள்ளுங்கள்" என்று மைக்கில் சொல்வது எந்த மென்பொருளையும்விட நன்றாக வேலை செய்கிறது.

கிரேடியன்ட் எக்கோ ஆக்ஸியலில் எலும்பு முள் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், காந்த ஏற்பு வேறுபாட்டால் எலும்பின் கறுப்பு வெளியே வழிகிறது. துளை நெருக்கத்தை அதை மட்டும் வைத்து "கடுமை" என்று தரம் பிரித்தால் மிகைப்படுத்துவோம். பல்லில் கம்பி கட்டியவருக்குச் சி1-சி2 பகுதி இதே வரிசையில் வளைந்து நெளியும். கழுத்தில் உலோகத் தகடு, திருகு உள்ளவருக்கு 3 டெஸ்லாவைவிட 1.5 நல்லது, கொழுப்பை அடக்க ஸ்டிர் நல்லது, அலைப்பட்டை இயன்றவரை அதிகமாக இருக்க வேண்டும். டைட்டானியம் குறைவாகத் தொல்லை தரும், கோபால்ட்-குரோம் அதிகம்.

மேஜிக் ஆங்கிள் என்று ஒன்று உண்டு. நார்க்கற்றை முதன்மைப் புலத்துக்கு 55 பாகையில் கிடந்தால், டி.இ. குறைந்த படங்களில் நலமான திசுவே வெளுத்துத் தெரியும். டென்ஸிலிருந்து மண்டையோட்டுக்குச் சாய்ந்து போகும் அலார் லிகமென்ட்டில் (எலும்புகளைக் கட்டும் நாரில்) அது நம்மை ஏமாற்றக்கூடும். இந்த லிகமென்ட்டில் வெண்மை, எந்தக் காயமும் படாதவர்களிடமும் காணப்படுவதால், விபத்துக்குப் பிறகான கழுத்து வலியை அதன்மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சி1-சி2 பக்கமூட்டுக்குப் பின்னால் சிரைப் பின்னல் தடிப்பாக இருக்கும். ஸ்டிரில் பளபளக்கும், மூட்டு நீர் என்று தோன்றும். மூட்டு முகங்களுக்கு நடுவே நீர்க்கோடு இல்லாமல் பின்னால் மட்டும் வெண்மை என்றால் சிரையாக இருக்கவே வாய்ப்பு. டென்ஸின் அடியில் குறுக்காக ஒரு கறுத்த கோடு, வளர்ச்சித் தட்டின் மிச்சம். எலும்பு முறிவு என்று பதற வேண்டாம், ஸ்டிரில் அதைச் சுற்றி வீக்கம் இருக்காது.

மேல் இரண்டு மட்ட மூட்டுகள்

முடக்குவாதம் உள்ளவருக்கு டென்ஸைச் சுற்றிய சைனோவியம் (மூட்டின் உட்சவ்வு) தடித்து வளர்ந்து, டென்ஸை அரித்து, குறுக்கு லிகமென்ட்டைத் தளர்த்தும். சி1 முன்வளைவுக்கும் டென்ஸுக்கும் இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ. வரை இயல்பு, குழந்தைகளுக்கு 5 மி.மீ. வரை. டென்ஸின் பின்முகத்துக்கும் சி1 பின்வளைவுக்கும் இடையே 14 மி.மீ.க்குக் கீழே போனால் தண்டுவடத்துக்கு ஆபத்து. நேராகவோ, லேசாகப் பின்னால் சாய்ந்தோ படுத்த நிலையில் நழுவிய சி1 திரும்பச் சேர்ந்துகொள்ளும். எம்.ஆர்.ஐ.யில் 2 மி.மீ. என்று வந்தது நம்பிக்கை தராது, குனிந்த நிலை எக்ஸ்ரே இல்லாமல் "நிலைத்தன்மை சரி" என்று எழுதக் கூடாது.

இந்தச் சூழலில் கான்ட்ராஸ்ட் பயன்படும். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல், ஆக 70 கிலோ எடைக்கு 7 மில்லிமோல், 0.5 மோலார் மருந்தில் 14 மில்லிலிட்டர். ஏற்றியவுடன் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மருந்து மூட்டு நீருக்குள் கசிந்து, நீரும் சைனோவியமும் ஒன்றாக வெளுக்கும், எது அழற்சி எது நீர் என்று பிரிக்க முடியாது.

முதியவருக்குத் திடீரெனக் கடுங்கழுத்து வலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு. மூளைக்காய்ச்சலோ என்று தேடி எம்.ஆர்.ஐ. எடுத்தால் டென்ஸைச் சுற்றி வீக்கம் மட்டும் தெரியலாம். காரணம் டென்ஸின் தலையில் மகுடம்போல் படிந்த கால்சியம் படிகங்களாக இருக்கக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் அது கறுப்போடு கறுப்பாக மறைந்துவிடும், சி.டி.யில் முதல் பார்வையிலேயே தெரியும். விபத்தில் ஃபேசட் முறிவுக்கும் இதே விதி: முறிவுக் கோட்டுக்குச் சி.டி., மூட்டுறை, லிகமென்ட், டிஸ்க், தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ., அதுவும் 72 மணி நேரத்துக்குள். நாளாக ஆக வீக்கம் வடிந்து தடயம் மங்கும்.

ஒரே ஒரு மூட்டில் இரு முகத்திலும் மஜ்ஜை வீக்கம், மூட்டு நிறைய நீர், பக்கத்துத் தசையிலும் வெண்மை, கூடவே காய்ச்சல், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. உயர்வு என்றால் தேய்மானம் என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. மூட்டுக்குள் சீழ் என்பதை முதலில் நினைத்து, தண்டுவட உறைக்கு வெளியே சீழ் கோத்திருக்கிறதா என்று கான்ட்ராஸ்ட்டோடு பார்க்க வேண்டும். அன்றே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய செய்தி இது.

வலியும் படமும்

கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 63 பேரை ஸ்கேன் செய்த 1990-ஆம் ஆண்டு ஆய்வில் 19 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க கோளாறு இருந்தது. 40 வயதுக்குக் கீழே 14, மேலே 28 விழுக்காடு. 2015-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் அறிகுறியில்லாத 1211 பேரில் 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் புடைப்பு. ஃபேசட் தேய்மானமும் வயதோடு கூடுவதுதான். நடு, மேல் மட்டங்களில் அதிகம், டிஸ்க்கும் அன்கோவெர்டிப்ரலும் சி5-சி6, சி6-சி7-இல் அதிகம். ஆகவே படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டே வலிக்கும் மூட்டு என்று எழுத முடியாது. ஒரு மூட்டுதான் காரணமா என்று உறுதிசெய்ய அதற்குப் போகும் மீடியல் கிளை நரம்புகளை மரக்க வைத்துப் பார்க்கிறார்கள். சி5-சி6 மூட்டுக்கு சி5, சி6 ஆகிய இரண்டு கிளைகள். சி2-சி3 மூட்டுக்கு மட்டும் மூன்றாம் பிடரி நரம்பு.

அறிக்கையில் இடம் துல்லியமாக இருந்தால்தான் ஊசி போடுபவருக்குப் பயன். "வலது சி4-சி5 ஃபேசட்: இரு முகத்திலும் மஜ்ஜை வீக்கம், மூட்டில் 2 மி.மீ. நீர், பின்பக்கத் தசையில் லேசான வீக்கம், இடது பக்கம் இயல்பு" என்று எழுதினால் வேலை பாதி முடிந்தது. வலி பரவும் இடத்தையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சி2-சி3 மூட்டின் வலி பிடரிக்கு ஏறும், சி5-சி6 தோள்மேட்டுக்கு இறங்கும், சி6-சி7 தோள்பட்டை எலும்பின்மேல் உட்காரும். பிடரி வலிக்கு சி6-சி7 வீக்கத்தைக் காரணமாகக் காட்டினால் எங்கோ இடறுகிறது என்று பொருள்.

இதற்கெல்லாம் ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் இரண்டு சொல் வேண்டும்: எந்தப் பக்கம், எங்கே தொட்டால் வலிக்கிறது. வெறும் "கழுத்து வலி" என்று வந்தால் ஸ்கேன் எடுப்பவர் நோயாளியிடமே கேட்டு, வலிக்கும் புள்ளியில் ஒரு மீன் எண்ணெய்க் குளிகையை டேப்பால் ஒட்டிவிடலாம். டி1-இல் அது வெள்ளைப் புள்ளியாக நிற்கும், ஸ்டிரில் கொழுப்போடு சேர்ந்து கறுத்துவிடும் என்பதால் டி1-இல்தான் தேட வேண்டும். மல்லாந்து படுக்கும்போது பிடரித் தோல் மேலே கீழே நகரும் என்பதால் குளிகை காட்டும் மட்டத்துக்கு ஒரு மட்டம் மேலும் ஒரு மட்டம் கீழும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்தை அது சரியாகவே காட்டும்.